காவினில் விடுபட்ட வரி

சனி, 4 ஒக்டோபர்

மழை. காலையிலிருந்து விடவில்லை. கொப்பி நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கொப்பியை நானே வாங்கினேன். நாற்பது தாள், கோடு போட்டது. கடைப் பெண் பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். ஜெர்மன் மொழியிலேயே சொன்னேன். அவர் சிரித்தார். நானும்.

வயது எழுபத்திரண்டு. முதல் நாட்குறிப்பு. யாருக்கும் காட்டுவதற்கு இல்லை.

இதுவரை எழுத அரை மணி நேரம். கை வலி. பரவாயில்லை.

இன்று எழுத்து வகுப்பு. ஹம் நகரில் எங்கள் பள்ளிவாசல் ஒரு டயர்க் கடைக்கு மேலே உள்ள வாடகை மாடி. தொழுகை அறை பெரியது. வகுப்பு அதில் இல்லை, பின்னால் சமைக்கிற குசினியில். படிப்பவர்கள் மூன்று பெண்கள், நான் ஒருவன் ஆண். என் கதிரை கதவோரம். கதவு திறந்தே இருக்கும். யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதாம்.

படிப்பிப்பவர் ஆலிமா சுமையா. ஒவ்வொரு முறையும் முழுப் பெயர் எழுத முடியாது. இனி ஆ.

ஆ. பற்றி: நாற்பது வயது இருக்கும். ஊரில் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவர். இங்கே பல்கலைக்கழகத்தில் மார்க்கக் கல்வி, அதில் பட்டம். தேர்தலில் நின்று வென்று நகரசபையில் குடியேறியவர்களுக்கான குழுவில் இருக்கிறார். அங்கே அவர் பேசினால் குறிப்பெடுக்கிறார்களாம். எங்கள் பள்ளி அவருக்குக் கொடுத்தது குசினி.

நான் படிக்க வந்த காரணம்: இளையவள் ரிஸ்னாவுக்கு இந்த மாதம் 25இல் நிக்காஹ். நான் வலீ, பெண்ணுக்காகப் பொறுப்பு நிற்கும் தகப்பன். காவினில், அதாவது கலியாணப் பதிவுத் தாளில், வலீ கையெழுத்திட வேண்டும். மூத்தவள் பரீனாவின் காவினில் நான் வைத்தது கைநாட்டு. பதிவுகாரர் என் விரலைச் சின்னப் பிள்ளையின் விரல் போலப் பிடித்து அழுத்தினார். சாரத்தில் எல்லாம் மை.

இந்த முறை கைநாட்டு இல்லை. எட்டு மாதமாகப் படிக்கிறேன்.

இன்று கையெழுத்துப் பழகியது 31 தடவை. கடைசி ஐந்தும் அழகு.

மனைவி செய்னம்பு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உங்களுக்கோ கலியாணம், பிள்ளைக்கோ?"

ஞாயிறு, 5 ஒக்டோபர்

இன்று வாசித்தவை:
மிளகாய்த்தூள் பை, முன்னும் பின்னும்.
தமிழ்க் கடைக் கதவில்: இன்று முருங்கைக்காய் வரும்.
கோயில் அன்னதான நோட்டீஸ், முழுவதும்.
பேப்பரில் இரண்டு மரண அறிவித்தல். ஒருவரையும் தெரியாது. ஆனாலும் துஆ கேட்டேன்.
செய்னம்புவின் பிரஷர் குளிசைப் பெட்டி. தமிழ் இல்லை. ஏமாற்றம்.

சலவைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். ஆஸ்பத்திரித் துணி நீலப் பை, முதியோர் இல்லத் துணி பச்சைப் பை. நிறத்தை வைத்தே ஓட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு அந்தப் பைகள் என் முன்னால் வந்தால் ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர் எழுதி விடுவேன். கோபத்துக்கே எழுதுவேன்.

மத்தியானம் பரீனாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இதுவரை குரல்தான் அனுப்பியிருக்கிறேன். எழுதியது: உன் காவினைப் படம் எடுத்து அனுப்பு.

உடனே புத்தளத்திலிருந்து அழைப்பு.

"வாப்பா! இது நீங்களோ எழுதினது? ஆரும் எழுதித் தந்தவையோ?"

"நான்தான்."

"அல்லாஹ்வே! காவின் இப்ப என்னத்துக்கு?"

"வலீ கையெழுத்துப் போடுற இடம் எவ்வளவு அகலம் எண்டு பாக்க. என்ட எழுத்துக் கொஞ்சம் பெரிசா வருது."

சிரித்தாள். "தேடி அனுப்புறன்" என்றாள்.

செவ்வாய், 7 ஒக்டோபர்

குளிர். சூட்டுக் குழாய் இன்னும் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரருக்கு ரிஸ்னா கடிதம் போட்டிருக்கிறாள்.

பரீனாவின் காவின் வந்தது. ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். ஒரு மணி நேரம்.

மாப்பிள்ளையின் பெயர். கையெழுத்து.
வலீயின் பெயர். அது நான். பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். என் விரல்.
சாட்சி ஒன்று, கையெழுத்து. சாட்சி இரண்டு, கையெழுத்து.
நிக்காஹ் ஓதியவர், கையெழுத்து.
பதிவுகாரர், கையெழுத்தும் முத்திரையும்.

பரீனாவின் பெயர் ஒரு இடத்தில் இருக்கிறது. வயது பதினாறு. தகப்பன் பெயர். மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் எவ்வளவு. அவள் கையெழுத்து எங்கே என்று தேடினேன். இல்லை.

மறுபடியும் மேலிருந்து. மூன்று தடவை. எங்கேயோ ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். புதிதாக வாசிக்கிறவனுக்கு இப்படி வருமாம், கண் ஒரு வரி கீழே விழுந்துவிடும். சனிக்கிழமை ஆ.விடம் காட்ட வேண்டும்.

சனி, 11 ஒக்டோபர்

மழை இல்லை. வகுப்பில் நெய் பிஸ்கட். மூன்று பெண்களில் ஒருவர் இன்று முதல் முறையாகத் தன் தாயின் பெயரை எழுதினார். கை தட்டினோம். தொழுகை அறையிலிருந்து யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஃபோனை ஆ.விடம் நீட்டினேன்.

"ஆலிமா, இதில ஒரு வரியை விட்டிட்டன் போல. என்ட மகள் கையெழுத்துப் போட்ட இடம் எனக்கு அம்பிடுதில்லை."

வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். திரும்பத் தந்தார்.

"நீங்க விடேல்ல, காக்கா. அவங்கள்தான் விட்டிருக்கிறாங்கள்." பள்ளியில் எல்லோருக்கும் நான் காக்கா, மூத்த அண்ணன்.

"விளங்கேல்ல."

"ஊர்ச் சட்டப்படி பொண்ணு கையெழுத்துப் போடத் தேவையில்லை. மாப்பிள்ளை போடலாம், வலீ போடலாம், சாட்சி போடலாம். அவவுக்கு இடமே இல்லை."

என் வாசிப்பில் பிழை இல்லை. முதலில் வந்தது சந்தோஷம், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எல்லா வரியையும் சரியாக வாசித்திருக்கிறேன். அதன் பிறகுதான் மற்றது விளங்கியது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப அவ ஓம் எண்டது எங்க எழுதியிருக்கு?"

"நீங்க வச்ச விரல்தான் அவட ஓம்."

கேட்டேன்: மார்க்கம் அப்படியா சொல்கிறது? ஆ. மழுப்பவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். அலுமாரியிலிருந்து தடித்த கிதாபு ஒன்றை எடுத்து வைத்துச் சொன்னார்.

"பொய் சொல்ல மாட்டன், காக்கா. தகப்பன் கேக்காமலே முடிக்கலாம் எண்டு எழுதின ஆலிம்களும் இருக்கிறாங்க. அவளைக் கேக்கிறதுதான் சிறப்பு எண்டு அதே பக்கத்தில இருக்கு. கேக்காட்டிக் கூடவே கூடாது எண்டு சொன்னவங்களும் இருக்கிறாங்க. எங்கட ஆக்கள் முதல் வரியை வாசிச்சுப்போட்டுக் கிதாபை மூடி வைக்கிறாங்கள். பொண்ணு கையெழுத்துப் போடக் கூடாது எண்டு ஒரு கிதாபிலயும் இல்லை. நான் தேடினன். ஏழு வருசம் அதைத்தான் ஓதினன்."

அங்கே முஸ்லிம்களின் கலியாண வழக்கைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் பெண் காதியாக இருக்க முடியாதாம். அதையும் இந்தக் கையெழுத்தையும் மாற்றச் சொல்லி ஊரில் பெண்கள் கேட்கிறார்கள். ஆலிமாக்கள், சட்டம் படித்தவர்கள், ஒன்றும் படிக்காதவர்கள். ஆ.வும் அவர்களோடு நின்றவர். ஜும்ஆப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஏசினார்களாம். வாப்பாவின் கடைக்கு ஆட்கள் வருவது நின்றதாம்.

"நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டேன்.

"கடையை நிப்பாட்டினம்" என்றார்.

எங்கள் பள்ளியின் காவின் தாளும் அதே தாள்தானாம். ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார், படப்பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆ. நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதினார். பதில் இல்லை.

அப்படியென்றால் 25இல் ரிஸ்னாவும் இல்லை. அந்தத் தாளில்.

பின்னேரம் பரீனாவுக்கு எழுதினேன். உன்னிடம் யார் சம்மதம் கேட்டது?

ஞாயிறு, 12 ஒக்டோபர்

பதில் வந்தபோது பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. அப்படியே பார்த்து எழுதுகிறேன், என் எழுத்திலும் இருக்கட்டும்.

வாப்பா, கேட்டபடியா சொல்றன். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. சாட்சிக்காரர் கதவுக்கு வெளியில நிண்டு சம்மதமோ எண்டு கேட்டவங்க. மாமி எனக்காக ஓம் எண்டு சொன்னா. நான் அழுதுகொண்டிருந்தன், அதையும் சம்மதம் எண்டு எடுத்தாங்க. நீங்க உள்ளுக்கு வந்து கேப்பீங்க எண்டு கதவைப் பாத்துக்கொண்டிருந்தன். இப்ப கோவம் இல்லை. ரிஸ்னாட்ட கேளுங்கோ.

கோபம் இல்லையாம்.

அப்போது போரில் முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டு ஓலைக் கொட்டில் முகாமில் இருந்தோம். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கப் பயம். அது காரணம். கதவுக்கு உள்ளே போகாததற்கு அது காரணம் இல்லை. நாலு அடி தூரம்.

அவளுக்குத் தலாக் ஆனபோது நான் இங்கே. காதியிடம் அவளுக்காக என் தம்பி போய்ப் பேசினான். அவள் வாசலில் நின்றாள். அங்கேயும் வாசல்.

இன்று கையெழுத்துப் பழகவில்லை.

செவ்வாய், 14 ஒக்டோபர்

ரிஸ்னா முதியோர் பராமரிப்பு வேலை. காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தாள். சோறு போட்டுக் கொடுத்தேன். நான் போட்டுக் கொடுத்தால் ஏதோ விஷயம் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன வாப்பா?"

"இம்தியாஸை உனக்குப் பிடிச்சுத்தானே?"

"கலியாணக் காட் குடுத்து முடிஞ்ச பிறகோ கேக்கிறீங்கள்?"

"பிந்தித்தான் கேக்கிறன். சொல்லு."

"பிடிச்சுத்தான். நாலு வருசமாப் பிடிச்சிருக்கு."

நாலு வருடம்! எங்களுக்குச் சொன்னது போன பெருநாளைக்கு. செய்னம்பு குசினிக்குள் இருந்து இருமினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

காவின் விஷயத்தைச் சொன்னேன். தாளில் அவளுக்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியாது. சாப்பாட்டில் கையை வைத்தபடி இருந்தாள்.

"வாப்பா, நான் ஒரு நாளைக்கு அம்பது தரம் கையெழுத்துப் போடுறன். மருந்து குடுத்தா, கட்டு மாத்தினா, கிழவிக்குத் தண்ணி பருக்கினா. எங்கட வேலையில ஒரு சட்டம். கையெழுத்து இல்லையெண்டா அது நடக்கேல்ல."

"அப்ப உனக்கு வேணுமோ?"

"வேணும்."

எழும்பிக் கை கழுவினாள். திரும்பி வந்து விரலை நீட்டினாள். "ஆனா ஒண்டு. நீங்க சண்டை பிடிச்சு நிக்காஹை நிப்பாட்டினா நான் உங்களோட கதைக்க மாட்டன். இம்தியாஸிட ஆக்கள் டோர்ட்முண்டில இருந்து நாப்பது பேர் வருகினம்."

இரண்டும் வேண்டும் அவளுக்கு. நிக்காஹும், வரியும். சரிதான். எனக்கும்.

வெள்ளி, 17 ஒக்டோபர்

வெயில். ஜும்ஆவுக்குப் பிறகு படிக்கட்டில் தலைவரைப் பிடித்தேன். இறைச்சிக் கடை ஹாஜியார். பள்ளிக்கு எப்போதும் அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. செய்னம்பு ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவர். அதனால்தான் பேசுவது கஷ்டம்.

"என்ன காக்கா, படிச்ச ஆளாயிட்டீங்களாமே."

"ஓம். உங்கட காவின் தாளையும் படிக்கப் போறன். அதில ஒரு வரி இல்லையாமே."

"என்ன வரி?"

"பொண்ணு கையெழுத்துப் போடுற வரி."

சிரித்தார். படிக்கட்டில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

"அது ஆலிமாட வரி. அவட அரசியலை நகரசபையோட வச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ."

"இது அவட பிள்ளைட கலியாணம் இல்லை. என்ட பிள்ளைட."

"காக்கா, ஊர் வழமை. தாள் ஊரில இருந்து வந்தது. அப்பிடியே வச்சிருக்கிறம்."

"ஊர் எங்களை வச்சிருக்கேல்ல. ஊர்த் தாளை நாங்க ஏன் வச்சிருக்கிறம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு நடந்தவர்தான்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "கையெழுத்துப் பழகி எட்டு மாசம். அதுக்குள்ள சட்டம் மாத்த வெளிக்கிட்டீங்கள்."

"பழக முதல் நீங்க எல்லாரும் காட்டின இடத்தில விரல் வச்சன், ஹாஜியார். எழுபது வருசம். காணும், போதும்."

முகம் சிவந்தது. "தாள் இதுதான். விருப்பமெண்டாப் போடுங்கோ. இல்லாட்டி வேற பள்ளி பாருங்கோ. அந்தக் குசினி வகுப்பைப் பற்றியும் நிர்வாகம் யோசிக்க வேண்டியிருக்கு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

சனி, 18 ஒக்டோபர்

மழை. வகுப்பு நடந்தது. ஆ.வுக்கு விஷயம் போயிருக்கிறது.

"என்னால உங்கட வீட்டுக் கலியாணம் குழம்பக் கூடாது, காக்கா. பேசாமப் போடுங்கோ. நாங்க இதை மெல்ல மெல்லச் செய்வம்."

"எனக்கு எழுபத்திரண்டு. மெல்லச் செய்ய ஏலாது."

மூன்று பெண்களும் சிரித்துவிட்டார்கள். ஆ. சிரிக்கவில்லை. நகரசபைக் குழுவில் நடப்பதைச் சொன்னார். அங்கே முதலில் முக்காட்டைப் பற்றிக் கேட்பார்களாம், யார் கட்டச் சொன்னது என்று. அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் பஸ், வீடு, மொழி வகுப்பு. இங்கே பள்ளியில் முக்காட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதற்குள் உள்ள தலையைப் பற்றியும் கேட்பதில்லை.

"ரெண்டு இடத்திலயும் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்" என்றார். "அங்கயும் சரி, இந்தக் குசினியிலயும் சரி."

நான் சொன்னேன்: வெள்ளிக்கிழமை ஜெர்மன் அரசாங்கக் கந்தோரில் கலியாணப் பதிவு. அங்கே ரிஸ்னா கையெழுத்திடுவாள். அதைப் பார்த்தாவது ஹாஜியார் வெட்கப்படட்டும்.

ஆ. விரலை ஆட்டினார், பிழையாக எழுதினால் ஆட்டுவது போல. "அப்பிடிச் சொல்லாதீங்கோ. அவங்களிட்ட இரவல் வாங்கினது எண்டு ஆகிவிடும். இது எங்கடது. எங்கட கிதாபில இருந்தே கேளுங்கோ."

சரி. எங்களுடையது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய், 21 ஒக்டோபர்

செய்ய வேண்டியவை:
மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேரீச்சம்பழம், இரண்டு பெட்டி.
முடி வெட்ட.
தொப்பி தோய்க்க.
கறுப்புப் பேனை, நல்லது, இரண்டு.

வேறு பள்ளி பார்த்தோம். துருக்கிப் பள்ளியில் அன்றைக்கு இடமில்லை. டோர்ட்முண்டில் மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார்கள். இம்தியாஸ் நல்ல பையன். "எனக்குப் பிரச்சினை இல்லை மாமா, ரிஸ்னா போடட்டும்" என்கிறான். ஆனால் தாள் ஹாஜியாரின் அலுமாரியில்.

வெள்ளி, 24 ஒக்டோபர்

காற்று. மரம் எல்லாம் கொட்டுகிறது.

கந்தோரில் பதிவு முடிந்தது. ரிஸ்னா ஒரு இழுப்பில் கையெழுத்திட்டாள். வலீ என்று ஒரு ஆள் அங்கே தேவையே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கவலை, உண்மையைச் சொன்னால். எட்டு மாதம் பழகியவன்.

நாளை நிக்காஹ். என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நான் போடாவிட்டால் நிக்காஹ் நிற்கும், ரிஸ்னா முகத்தில் விழிக்க முடியாது. போட்டால் இன்னொரு பரீனா. தாளில் மட்டும்தான் என்று செய்னம்பு சொல்கிறாள். தாளில் மட்டும் என்றால் என்னையும் கையெழுத்திடச் சொல்லாதே என்றேன். விளக்கை அணைத்துவிட்டாள்.

ஞாயிறு, 26 ஒக்டோபர்

இங்கே குளிர்காலத்துக்காக இன்று மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். ஒரு மணி நேரம் கூடக் கிடைத்தது. எழுத அது வேண்டும்.

நேற்று. லுஹர் தொழுகைக்குப் பிறகு. தொழுகை அறை நிரம்பி ஆட்கள். ஆண்கள் முன்னால், திரைக்குப் பின்னால் பெண்கள். நடுவில் சின்ன மேசை, மேலே காவின் தாள். நிக்காஹ் ஓத வந்தவர் ரஹீம் மௌலவி, முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் ஹாஜியார்.

ஓத முதல் தாளை நிரப்புவது எங்கள் வழக்கம். இம்தியாஸ் போட்டான். சாட்சிகள் போட்டார்கள். ஹாஜியார் தாளை என் பக்கம் திருப்பி, இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அந்த விரலைப் பார்த்தேன். அதுதான். அந்த நேரத்தில்தான் முடிவு வந்தது.

என் பேனையை எடுத்தேன். அவர் காட்டிய இடத்தை விட்டேன். கீழே வெறும் இடம் இருந்தது, மூன்று விரல் அகலம். குனிந்து எழுதத் தொடங்கினேன்.

ம. ண. ம. க. அவசரப்படவில்லை. எனக்கு அவசரமாக எழுதவும் தெரியாது.

"காக்கா, அங்க இல்லை, இங்க" என்றார் ஹாஜியார்.

"பொறுங்கோ."

"என்ன எழுதுறீங்கள்?"

"பொறுங்கோ. கதைச்சா எழுத்துப் பிழைக்கும்."

டோர்ட்முண்டு ஆட்களில் யாரோ: "கையெழுத்துப் போடச் சொன்னா மனுசன் கடிதம் எழுதுறார்." சிரிப்பு. ஒருவரும் என் கையிலிருந்து தாளைப் பறிக்கவில்லை. கிழவன் எழுதும்போது எப்படிப் பறிப்பது? இவ்வளவு காலமும் என் கிழட்டுத்தனம் ஒன்றுக்கும் உதவவில்லை. நேற்று உதவியது.

எழுதி முடித்தேன். மணமகள் கையொப்பம். பின்னால் இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு நீளக் கோடு. கோடு கொஞ்சம் ஏறிவிட்டது. எழுத்தெல்லாம் சரி.

ஹாஜியார் வாசித்தார். "தாள் பழுதாப் போச்சு. வேற தாள் எடுங்கோ."

"எடுங்கோ. அதிலயும் எழுதுவன். எத்தனை தாள் இருக்கு?"

"இப்பிடி எழுதினா நிக்காஹ் செல்லாது!"

மௌலவியைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். பாவம், வியர்த்துவிட்டது அவருக்கு. தாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு நான் நினைக்காத ஒன்றைச் செய்தார். திரையின் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஆலிமா, நீங்க இருக்கிறீங்களோ? இதில உங்கட கருத்து என்ன?"

இந்த அறையில் மார்க்க விஷயத்தில் ஒரு பெண்ணிடம் யாரும் கேட்டதை நான் கண்டதில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஆ.வின் குரல். சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"நிக்காஹ் தாளால ஆகிறது இல்லை, மௌலவி. வலீயும் மாப்பிள்ளையும் வாயால சொல்லுறதாலயும் ரெண்டு சாட்சியாலயும் ஆகிறது. தாள் அதுக்கு ஆதாரம். ஆதாரத்தில ஒரு வரி கூடினா ஒண்டும் முறியாது. சம்மதத்துக்கு ஆதாரம் கூடுது, அவ்வளவுதான். வேற கிதாபில வேற மாதிரி இருக்கெண்டு ஹாஜியார் சொன்னா, பக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் எடுத்துத் தாறன்."

ஹாஜியார் பக்கம் சொல்லவில்லை.

மௌலவி தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஆலிமா சொல்லுறது சரி" என்றார். மெல்லத்தான் சொன்னார். முன்வரிசைக்குக் கேட்டது. பின்வரிசைக்கு முன்வரிசை சொன்னது.

தாளை எடுத்துக்கொண்டு எழும்பினேன். இம்தியாஸ் கை கொடுத்தான். திரைக்கு அந்தப் பக்கம் போனேன். நாலு அடி தூரம். ரிஸ்னா வெள்ளை உடுப்பில், கையெல்லாம் மருதாணி. எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்.

"மகள், இந்த நிக்காஹுக்கு உனக்குச் சம்மதமோ?"

"ஓம் வாப்பா. சம்மதம்."

மாமிமார் யாரும் அவளுக்காகச் சொல்லவில்லை. பேனையைக் கொடுத்தேன். அவள் வேலையில் போடுவது போலக் கிறுக்கவில்லை. முழுப் பெயரும் எழுதினாள், எனக்கு வாசிக்கக் கூடியதாக, தமிழில். ஆ. பக்கத்தில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு "தாளை நனைச்சுப்போடாதீங்கோ" என்றார், தனக்குத்தான் போல.

அதற்குப் பிறகுதான் நான் போட்டேன். யூசுப். பழகிய எல்லாவற்றையும் விட மோசமாக வந்தது. இருக்கட்டும்.

நிக்காஹ் நடந்தது. புரியாணி நடந்தது. ஹாஜியார் சாப்பிடாமல் போய்விட்டார். அது எனக்குக் கஷ்டம். செய்னம்பு ஒரு பாத்திரத்தில் கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பினாள். பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை.

இன்று காலை பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல். நானே வாசித்தேன். குசினி திருத்த வேலை காரணமாகச் சனிக்கிழமை வகுப்பு நிறுத்தப்படுகிறது. ஆலிமா சாவியை ஒப்படைக்கவும்.

குசினியில் திருத்த ஒன்றும் இல்லை. போன வருடம் நாங்கள்தான் சுவருக்குத் தீந்தை அடித்தோம்.

அந்தக் குழுவில் நான் இதுவரை ஒன்றும் எழுதியதில்லை. ஆ.விடம் ஃபோனில் கேட்டேன். "எத்தனை கதிரை இருக்கு உங்களிட்ட?" என்று மட்டும் கேட்டார். பிறகு இப்படி எழுதினேன், அரை மணி நேரம்:

சனிக்கிழமை காலை பத்து மணி. ஆலிமா சுமையாவின் வகுப்பு யூசுப் வீட்டில். எழுத்தும் நடக்கும், கிதாபும் நடக்கும், காவின் தாளும் நடக்கும். ஆண்களும் வரலாம். கதிரை கொண்டு வரவும்.

அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. பதினெட்டுப் பேர் வாசித்துவிட்டார்கள் என்று செய்னம்பு பார்த்துச் சொல்கிறாள்.

இப்போது பத்தொன்பது.